இன்ஜினின் அடிவயிற்றுப் புகை எங்கே போகிறது? கிராங்க் கேஸ் காற்றோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘இன்ஜின் வேலை வந்துவிட்டது, ரிங் போய்விட்டது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய்ப் பட்டறைக்கு வருகிறவர்கள் அதிகம். அவர்களில் சிலருடைய வண்டிக்கு ஒரு சின்ன வால்வும் ஒன்றரை அடி ரப்பர் குழாயும் மாற்றினாலே போதுமாக இருக்கும். அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தப் பயமே வராது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன்ஜின் நாலாபுறமும் மூடிய பெட்டி. அதற்குள் காற்றோட்டம் எதற்கு?

பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரிகிறது. கீழே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது, அதற்கும் அடியில் சேம்பரில் ஆயில் நிற்கிறது. மேலுக்கும் கீழுக்கும் நடுவே வேலியாக இருப்பவை பிஸ்டன் ரிங்குகள்தான். ரிங் முழு வட்டம் கிடையாது. மாட்டுவதற்கும் சூட்டில் விரிவதற்கும் ஓரிடத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். அந்த இடுக்கு வழியாகவும், ரிங்கின் ஓரமாகவும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வாயு கீழே நழுவும். நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டியிலும் இது நடக்கும். புத்தகத்தில் இதற்குப் பெயர் புளோ-பை. பட்டறையில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்போம்.

நழுவிய வாயு கிராங்க் கேஸில், அதாவது கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் கீழ் அறையில், சேர்ந்துகொண்டே இருக்கும். அதை வெளியே எடுத்து, அந்த இடத்துக்கு நல்ல காற்றை உள்ளே விடும் ஏற்பாடுதான் கிராங்க் கேஸ் காற்றோட்டம்.

அந்த வாயுவில் என்னதான் இருக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் பெரும்பங்கு எரியாத பெட்ரோல் ஆவியும் காற்றும். மீதி எரிந்த புகை. அதோடு தண்ணீர் ஆவியும் இருக்கும். இதைப் பலர் நம்புவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். காலையில் சைலன்ஸர் நுனியில் சொட்டுவது அதுதான். ஒரு துளிப் பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது.

இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தால் அந்த ஆவி ஆவியாகவே வெளியேறும். குளிர்ந்த இன்ஜினில் உலோகத்தின் மேல் வியர்த்து, எரிந்த புகையோடு சேர்ந்து அமிலமாகி, ஆயிலில் கலக்கும்.

வெளியே எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இரண்டு வழியில் கெடுதல். முதலாவது அழுத்தம். உள்ளே காற்று அமுங்க அமுங்க, எந்த ஓரம் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். டேப்பெட் கவர் (இன்ஜினின் உச்சியை மூடும் மூடி) கேஸ்கெட், கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீல், பின் சீல், டிப் ஸ்டிக் குழாய் என்று எது வேண்டுமானாலும் கசியலாம். சீலை மாற்றுவார்கள், ஆறு மாதத்தில் மறுபடி கசியும். சீலைத் திட்டிப் பயனில்லை. தள்ளுகிற அழுத்தத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஆயில் கெடுவது. பெட்ரோல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும். தண்ணீரும் கரியும் அமிலமும் சேர்ந்தால் கறுப்புக் களிம்பாகத் திரளும். அதைத்தான் ஸ்லட்ஜ் என்கிறோம். அந்தக் களிம்பு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால், சேம்பரில் ஆயில் இருந்தும் பேரிங்குக்குப் போய்ச் சேராது.

அந்தக் காலத்துக் கார்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

நேராக ரோட்டில் விட்டார்கள். 1960-களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களில் கிராங்க் கேஸிலிருந்து ஒரு இரும்புக் குழாய் கீழே இறங்கி, வண்டியின் அடிப்பக்கம் திறந்தபடி நிற்கும். நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டிய பக்கம் பின்னால் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த நுனியில் ஒரு சின்ன உறிஞ்சலை உண்டாக்கும். உள்ளே இருக்கும் புகை கீழே இழுபடும். ஆயில் ஊற்றும் மூடியில் கம்பி வலை திணித்திருப்பார்கள். அதன் வழியே நல்ல காற்று உள்ளே வரும். ஒரு திருகாணி கூட அசையாத ஏற்பாடு. கெட்டுப்போக எதுவுமே இல்லை.

ஆனால் வண்டி ஓடினால்தான் அது வேலை செய்யும். சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் உறிஞ்சல் இல்லை. சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போனால்தான் சரியாக இழுக்கும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிகளில் ஸ்லட்ஜ் அதிகம் சேர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஆயில் துளிகளும் புகையோடு இறங்கும். சாலையின் ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரியுமே, அதை வரைந்ததில் இந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

அம்பாசடரில் எப்படி?

அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வம்சம். பல பத்தாண்டுகள் அதில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ். அந்த இன்ஜினின் பக்கவாட்டில், புஷ் ராடுகளை மூடியிருக்கும் தகட்டிலிருந்து பிரீதர் பைப் கீழே இறங்கும். மேலே ராக்கர் கவரிலிருந்து (நாம் டேப்பெட் கவர் என்பது இதைத்தான்) ஒரு ரப்பர் குழாய் ஏர் ஃபில்டருக்குப் போகும்.

இந்த இன்ஜினில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று மெயின் பேரிங் கொண்ட பழைய பி-சீரிஸில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் இப்போது இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்டிலேயே திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளேயே திருப்பி அனுப்பும். உள்ளே அழுத்தம் இல்லாத வரைக்கும்தான் அது ஜெயிக்கும்.

வீட்டு வாசலில் ஒன்றரை வருடம் நின்றிருந்த ஒரு அம்பாசடர் எங்களிடம் வந்தது. கிளட்ச் நழுவுகிறது, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து ஆயில் சொட்டுகிறது. கியர் பாக்ஸை இறக்க எல்லாம் தயார். அதற்கு முன்னால் பிரீதர் பைப்பின் நுனியை விரலால் தடவிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. குளவி மண்கூடு கட்டி, குழாயைச் சிமெண்ட் பூசியது போல அடைத்து வைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். காய்ந்த மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது, கடைசியில் கூட்டின் உள்ளறை ஒன்று முழுசாக விழுந்தது. நனைந்துபோன கிளட்ச் தகட்டை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் சொட்டுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பழைய வண்டியை வெகுநாள் நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் எடுக்கும்போது முதலில் இந்தக் குழாயைப் பாருங்கள்.

அந்த முறை ஏன் மாறியது?

காரணம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் காற்று. 1940-களிலிருந்து அந்த ஊரில் கண் எரியவைக்கும் பழுப்புப் புகைமூட்டம் கவியத் தொடங்கியது. கால்டெக் என்ற கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர், எரியாத ஹைட்ரோகார்பனும் (பெட்ரோல் ஆவி போன்றவை) நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதுதான் அந்தப் புகைமூட்டம் என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அந்த ஹைட்ரோகார்பன் கார்களிலிருந்து வருகிறது என்றதும் எல்லோரும் சைலன்ஸரைத்தான் பார்த்தார்கள். அப்புறம் அளந்து பார்த்தால், ஒரு கார் வெளியே விடும் மொத்த ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடியில் தொங்கும் இந்தக் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கலிபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில் புகையை ரோட்டில் விடாமல் இன்ஜினுக்குள்ளேயே திருப்பி இழுத்து எரிக்கும் பிசிவி என்கிற புதிய முறை வந்தது. 1963 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் பரவியது. கார் புகையைக் கட்டுப்படுத்த முதன்முதலில் கட்டாயமாக்கப்பட்ட கருவி இதுதான். சைலன்ஸர் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இத்தனை மலிவான ஒரு வால்வு இத்தனை பெரிய வேலையைச் செய்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அப்படியென்றால் பிசிவி 1961-இல் கண்டுபிடித்ததா?

இல்லை. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பிலேயே இருந்தது. ஆற்றைக் கடக்கும் வண்டியில் அடியில் திறந்த குழாய் இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். அதனால் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே புகையை இழுக்கும்படி ஒரு வால்வு வைத்தார்கள். போர் முடிந்ததும் சாதாரணக் கார்களுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

பிசிவி வால்வுக்குள் என்ன இருக்கிறது?

பாசிட்டிவ் கிராங்க் கேஸ் வென்டிலேஷன் என்பதன் சுருக்கம் பிசிவி. பழைய வகை வால்வு ஒன்றைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். குலுக்கினால் குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். உள்ளே கூம்பு வடிவில் ஒரு சின்னத் தண்டும் அதைத் தாங்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும். ஒரு பக்கம் டேப்பெட் கவர், இன்னொரு பக்கம் இன்டேக் மேனிஃபோல்டு.

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருக்கும். பிஸ்டன் இழுக்க இழுக்க, மேனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கும். பாதரச அளவில் சொன்னால் 450 முதல் 500 மில்லிமீட்டர். அந்த இழுப்பு தண்டை மேனிஃபோல்டு பக்கம் கொண்டுபோய் வழியைக் குறுக்கிவிடும். ஐடிலிங்கில் நழுவும் வாயு குறைவு, அதற்கு அந்தச் சின்ன வழி போதும். அதிகம் விட்டால் பெட்ரோல் கலவை நீர்த்து இன்ஜின் நடுங்கும்.

சாலையில் சீராகப் போகும்போது இழுப்பு குறையும். ஸ்பிரிங் தண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளும், வழி பெரிதாகும், புகை நிறையப் போகும். ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தி மேடு ஏறும்போது வழி திறந்தே இருந்தாலும் இழுக்க ஆள் இல்லை. அதே நேரம் நழுவும் வாயுவோ உச்சத்தில் இருக்கும். மிஞ்சியது, நல்ல காற்று வரும் குழாய் வழியாகவே எதிர்த்திசையில் ஏர் ஃபில்டருக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் இழுபட்டு எரியும். இன்ஜின் பேக் ஃபயர் ஆனால் மேனிஃபோல்டிலிருந்து வரும் அழுத்தம் தண்டை மறுபக்கம் அமுக்கி வழியை அடைக்கும். கிராங்க் கேஸில் உள்ள பெட்ரோல் ஆவிக்குத் தீ போகாமல் காப்பது அதுதான்.

ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு. நான்கு விதமான ஓட்டத்துக்கும் அதுவே கணக்குப் போட்டுக் கொடுக்கிறது.

திறந்த முறை, மூடிய முறை என்கிறார்களே?

ஆரம்பத்து பிசிவி வண்டிகளில் ஆயில் மூடி பழையபடி வலை வைத்ததாகவே இருந்தது. முழு லோடில் மிஞ்சிய புகை அந்த மூடி வழியே வெளியே வந்துவிடும். அது திறந்த முறை. பிறகு மூடியை இறுக்கமாக அடைத்து, நல்ல காற்றை ஏர் ஃபில்டரிலிருந்து குழாய் போட்டு எடுத்தார்கள். அது மூடிய முறை. அமெரிக்காவில் 1968 மாடல்களிலிருந்து இதுதான் நாடு முழுக்க விதி. இன்றைக்கு நம் ஊரில் ஓடும் பெட்ரோல் கார்களிலும் மூடிய முறைதான்.

புதிய காரில் அந்த வால்வைத் தேடினால் கிடைக்கவில்லையே?

பல கார்களில் அது டேப்பெட் கவருக்குள்ளேயே போய்விட்டது. கவரே பிளாஸ்டிக், அதற்குள் வளைந்து வளைந்து போகும் அறைகள் இருக்கும். புகை அந்த வளைவுகளில் மோதும்போது ஆயில் துளிகள் சுவரில் ஒட்டி, வடிந்து, சேம்பருக்குத் திரும்பும். சிலவற்றில் புகையைச் சுழலவிட்டு ஆயிலைப் பிரிப்பார்கள். தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிகிற மாதிரி என்று ஒருவர் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் இங்கே கனமானது ஓரத்துக்கு ஒதுங்கும்.

ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் தண்டும் ஸ்பிரிங்கும் போய், டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு வந்திருக்கிறது. மேனிஃபோல்டு எவ்வளவு இழுத்தாலும் கிராங்க் கேஸில் ஒரு மெல்லிய வெற்றிடம் மட்டும் நிற்கும்படி அது பார்த்துக்கொள்ளும். நன்றாக வேலை செய்யும் வரை அருமையான ஏற்பாடு. ஆனால் நம் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் வெடிக்கும். கிழிந்த டயஃப்ரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஐடிலிங்கில் விசில் அல்லது ஊளைச் சத்தம். ஆயில் மூடியைத் திறக்கப் போனால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆயில் குடிக்கும். ஸ்கேனர் போட்டால் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று காட்டும். ஆக்சிஜன் சென்சாரை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று கிளம்பாதீர்கள். கவரின் மேல் இருக்கும் சின்னத் துளையை விரலால் மூடிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு அங்கேதான்.

பல வண்டிகளில் டயஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்காது, முழுக் கவரும் வாங்க வேண்டும் என்பார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரு ரப்பர் தகட்டுக்காக ஒரு முழுக் கவரைத் தூக்கி எறிவது சரியான வடிவமைப்பு இல்லை.

டர்போ வந்தால் இது எப்படி மாறுகிறது?

டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் ஊதும் கருவி. அது வேலை செய்யும்போது மேனிஃபோல்டில் இழுப்புக்குப் பதில் அழுத்தம் இருக்கும். அந்த நேரம் பழைய வழி திறந்திருந்தால் காற்று கிராங்க் கேஸுக்குள் அடிக்கும். அதனால் இரண்டு வழி வைக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது மேனிஃபோல்டுக்கு. அந்த வழியில் திரும்பி வராமல் தடுக்க ஒரு செக் வால்வு. டர்போ ஊதும்போது, டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்கு. அங்கே எப்போதும் கொஞ்சம் இழுப்பு உண்டு. செக் வால்வு பழுதானால் வண்டி வேகமெடுக்கும்போது மட்டும் ஆயில் கசியும், நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறுகளில் இது ஒன்று.

டைரக்ட் இன்ஜெக்ஷன் காரில் வால்வில் கார்பன் பிடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கப்படும். அதிலேயே வால்வு கழுவப்பட்டுவிடும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. கிராங்க் கேஸ் புகையில் மிச்சமிருக்கும் ஆயில் துளிகள் வால்வின் மேல் படிந்து வெந்து கரியாகும், கழுவ எதுவும் இல்லை. நாளாக ஆக மிஸ்ஸிங், காலையில் நடுக்கம், இழுவை குறைவு. டொயோட்டா தன் டி-4எஸ் முறையில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்து வைத்ததால் வால்வும் கழுவப்படுகிறது. ஏற்கெனவே படிந்த கரியை எடுக்க, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். நல்ல ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றுவதுதான் இதில் நம் கையில் இருக்கும் பெரிய காப்பு.

டீசலுக்கு?

டீசலில் பெட்ரோல் காரைப் போல மேனிஃபோல்டில் பலமான இழுப்பு கிடையாது. பழைய லாரி, பஸ்களில் பிரீதர் பைப் கீழே திறந்தே தொங்கும். நிற்கும்போது அதிலிருந்து புகை மெதுவாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய டீசல் கார்களில் ஆயிலைப் பிரித்துவிட்டு, மீதிப் புகையை டர்போவுக்கு முன்னால் விடுகிறார்கள். அதனால் இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் மெல்லிசாகப் பூசியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘டர்போ போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றும் அளவுக்கு ஆயில் நின்றால் கவலைப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரிங் மிகவும் தேய்ந்த டீசலிலும், அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிய டீசலிலும், பிரீதர் வழியாகப் போகும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானாக ரேஸ் ஆகத் தொடங்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். கியர் வண்டியாக இருந்தால், பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு நிறுத்துங்கள். காற்றுக்குழாயை உள்ளங்கையால் பொத்த முயல வேண்டாம். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றவே கூடாது என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கிறது. ரிங் போய்விட்டதா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகையும் ஆயில் தெறிப்பும் எந்த வண்டியிலும் வரும். டீசலில் இன்னும் கூடுதலாக வரும். அதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. வால்வோ குழாயோ அடைத்திருந்தால், நல்ல ரிங் உள்ள இன்ஜினிலும் புகை குபுகுபுவென்று வரும். ஏனென்றால் அதற்கு வேறு வழி இல்லை.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் சிறிய பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் ரிங் செட் மாற்றி, போர் பண்ண (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகை எழுதிக் கொடுத்திருந்தார்கள். டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருந்தது, டேப்பெட் கவர் முழுக்க ஆயில். பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். சத்தமே இல்லை. உள்ளே தார் உருண்டை மாதிரி கறுப்புக் களிம்பு. அதிலிருந்து போகும் குழாயைக் கையில் எடுத்து வளைத்ததும் அப்பளம் போல ஒடிந்தது. இரண்டையும் மாற்றி, ஆயில் மாற்றி, கம்ப்ரஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒட்டியே இருந்தன. அவர் அந்த வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வரிசை இதுதான்: முதலில் வால்வையும் குழாய்களையும் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். சந்தேகம் இருந்தால் லீக்-டவுன் டெஸ்ட். பிஸ்டனை மேலே நிறுத்தி ஸ்பார்க் பிளக் துளை வழியே காற்றை ஏற்றுவார்கள். ஆயில் மூடியிடம் காதை வைத்தால் ‘உஸ்’ என்று பலமாகக் கேட்கிறதா, அப்போது ரிங் பக்கம் சந்தேகம் வலுக்கும். இன்ஜினை அவிழ்ப்பது இவை எல்லாம் முடிந்த பிறகு.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடட்டும். ஆயில் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். மெதுவாக உள்ளே இழுத்துப் பிடித்தால் நல்லது. மேலே தூக்கி எறிந்தால் அடைப்பு, அல்லது பேக் கம்ப்ரஷன் அதிகம். வால்வு தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், குழாயோடு வெளியே எடுத்து அதன் வாயை விரலால் மூடுங்கள். விரலை இழுக்க வேண்டும். குலுக்கினால் சத்தம் வர வேண்டும். டயஃப்ரம் வகையில் இந்தக் குலுக்கல் சோதனை பொருந்தாது. ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமலும் துப்பட்டாவோ துண்டோ தொங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டா?

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் வெண்ணெய் இருந்தால், அது வியர்த்த தண்ணீர் ஆயிலோடு கலந்தது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் இருப்பவர்களுக்கும் வரும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் குறையும். பிசிவி அடைப்பையும் பார்த்துவிடுங்கள். டிப் ஸ்டிக்கிலேயே பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் இருந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். அது வேறு கதை.

பழைய காரில் பிசிவி மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் அளவு பொருந்த வேண்டும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வால்வுகளின் ஸ்பிரிங்கும் துளையும் வேறாக இருக்கும். தவறான வால்வு போட்டால் ஐடிலிங் நிற்காது. அதே கொள்ளளவு கொண்ட இன்ஜினின் வால்வை எடுத்து, நல்ல காற்று வரும் வழியையும் ஃபில்டரோடு அமைத்து, கார்பரேட்டரை மறுபடி செட் பண்ணுங்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பி-சீரிஸ் இன்ஜினுக்கு 1964-இலேயே பிசிவி வந்துவிட்டது, எனவே அம்பாசடர்காரர்களுக்கு முன்மாதிரி இருக்கிறது. குழாயைப் பெட்ரோல், ஆயில் தாங்கும் ரகமாக வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் சில மாதத்தில் ஊறி, இழுப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கேட்ச் கேன் வைத்தால் நல்லதா?

கேட்ச் கேன் என்பது கிராங்க் கேஸ் புகையில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா. சாதாரணப் பெட்ரோல் காருக்குத் தேவையில்லை. டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போவைக் கடுமையாக ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் பலன் உண்டு. வைத்தால் வரும் குழாய், போகும் குழாய் இரண்டும் இணைந்த மூடிய ரகமாக வையுங்கள். அடிக்கடி காலி செய்யுங்கள். குழாயைக் கழற்றிவிட்டு முனையில் சின்ன ஃபில்டர் மாட்டிவிடுவது மட்டும் வேண்டாம். அந்தப் புகை பானட்டுக்குள் சுற்றி, ஏசி வழியாகக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பிரீதர் இல்லையே?

அதில் கிராங்க் கேஸ்தான் கலவையை உள்ளே இழுத்து மேலே தள்ளும் பம்ப். திறந்துவிட்டால் வண்டியே ஓடாது. பழைய புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக்; ஒற்றைப் பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் காற்றை வெளியே தள்ளும். அது திரும்ப உள்ளே போகாதபடி, வாத்தின் அலகு போல ஒரு ரப்பர் நுனி வைத்திருப்பார்கள். அது வெடித்தால் கண்ட இடத்திலெல்லாம் ஆயில் கசியும். மலிவான சாமான்; முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குள் பிரீதர் வழியாகத் தண்ணீர் போகுமா?

கீழே திறந்த குழாய் உள்ள பழைய வண்டிகளில் போகும். சூடான இன்ஜின் தண்ணீரில் அணைந்தால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது குழாய் நுனியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சும். மூடிய முறையில் ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறினால், ஏர் ஃபில்டரோடு இணைந்த குழாய் வழியாகவும் போகலாம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற நிலையில் நின்ற வண்டியை ஒரு தடவை கூட ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு உயர்ந்திருந்தாலோ வெளுத்திருந்தாலோ முழுவதும் வடித்து, ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் சாவி.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. சொல்லாத வண்டிகளுக்கு, ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் குழாயைத் தொட்டுப் பார்ப்பேன். தனியாகக் கழற்றும் வால்வாக இருந்தால் 40,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுவேன். கழுவி மறுபடி போடலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்குக் கழுவலாம், ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கைக் கழுவி விறைப்பாக்க முடியாது. ஆயில் மூடியின் ரப்பர் வளையத்தையும் டிப் ஸ்டிக்கின் சின்ன வளையத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள். மூடி தொலைந்தது என்று துணியைத் திணித்து ஓட்டிவந்த வண்டி ஒன்றில், ஐடிலிங் ஏறி இறங்குவதற்கு வேறு எந்தக் காரணமும் இருக்கவில்லை.